வாசி பிடித்த காசு

போன கார்த்திகை தீபத்தின்போது அன்னதானத்துக்கு ஒரு மூட்டை பொன்னி அரிசி வாங்கிக் கொடுத்தேன். இருபத்தைந்து கிலோ. கையிலிருந்து ஒரு பைசா போடவில்லை. வருஷம் முழுக்க கிரெடிட் கார்டில் செலவழித்ததற்குச் சேர்ந்த புள்ளிகளைப் பரிசுக் கூப்பனாக மாற்றினேன், 2,000 ரூபாய் கிடைத்தது. அரிசி போக மீதிக்குத் துவரம் பருப்பு. செங்கம் சாலையில் பந்தல் போட்டிருந்த பையன்களிடம் இறக்கி வைத்துவிட்டு மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். மனசு நிறைந்திருந்தது.

அந்த நிறைவு தை மாதம் வரைக்கும்தான் தாங்கியது.

நான் வங்கியில் 31 வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்கு எதிர்ப்புறச் சந்தில் குடியிருக்கிறேன். காலையில் ஆசிரமத்து மயில்கள் எங்கள் மொட்டைமாடிக்கு வந்து போகும். பக்கத்து வீட்டில் ஒரு தம்பி இருக்கிறான். விருந்தினர் விடுதி ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை, மாதம் பதினெட்டாயிரம் சம்பளம். ஒரு ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் கதவைத் தட்டினான். உள்ளே வந்து உட்காரவில்லை. கைபேசியை நீட்டினான்.

"சார், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. மாசாமாசம் கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு தடவகூட தவறினதில்ல. ஏன் சார் குறையவே மாட்டேங்குது?"

பார்த்தேன். கிரெடிட் கார்டு பாக்கி 60,000. மாதம் மூன்றரை விழுக்காடு வட்டி, 2,100 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி, 378 ரூபாய். ஆக 2,478. அவன் கட்டுகிற 'மினிமம் டியூ', அதாவது குறைந்தபட்சத் தொகை, மூவாயிரம். மூவாயிரத்தில் 2,478 போனால் அசலில் கழிவது 522 ரூபாய். ஒரு காகிதத்தை எடுத்துப் போட்டுக் காட்டினேன். இதன்மேல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல், மாதம் மூவாயிரம் வீதம் 14 மாதம் கட்டினால் 42,000 ரூபாய் போயிருக்கும். கடன் பத்தாயிரம்கூடக் குறைந்திருக்காது.

அவன் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "வீட்ல தெரியாது சார்" என்றான்.

பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தபோது கட்டின பணம், பிறகு அம்மாவுக்கு ஸ்கேன், பிறகு ஒரு ஃபிரிட்ஜ். ஊதாரித்தனம் ஒன்றுமில்லை. அவனைத் தூங்கப் போகச் சொல்லி அனுப்பிவிட்டு நான் தூங்காமல் கிடந்தேன். அவன் வைத்திருந்ததும் என்னிடம் இருக்கிற மாதிரிக் கார்டுதான். அதே வங்கி, அதே நிறம். நான் ஒரு வருஷம் பூராவும் சேர்த்த புள்ளிக்குக் கிடைத்தது 2,000 ரூபாய். அவன் ஒரு மாதத்துக்குக் கட்டின வட்டி 2,100. அந்த அரிசி மூட்டை யார் கொடுத்தது?

வங்கிக்கு இதில் லாபம் எப்படி வருகிறது என்பது எனக்குப் பாடமாகத் தெரியும். கார்டு வைத்திருப்பவர்களில் முக்கியமாக இரண்டு சாதி. தேதிக்குள் முழுப் பணத்தையும் கட்டிவிடுகிறவர் 'டிரான்ஸாக்டர்'. கொஞ்சம் கட்டி, மீதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளிக்கொண்டே போகிறவர் 'ரிவால்வர்', அதாவது சுற்றிக்கொண்டே இருப்பவர். மலையைப் பதினான்கு கிலோமீட்டர் சுற்றினால் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்துவிடலாம் என்று நடக்கிற ஊரில் இருந்துகொண்டு இந்தச் சொல்லைக் கேட்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. அவர்கள் வந்து சேரமாட்டார்கள் என்பதுதான் கணக்கே. முழுசாகக் கட்டுகிற என் போன்றவர்களை அமெரிக்காவில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் 'டெட்பீட்' என்பார்களாம். வாங்கின கடனைக் கொடுக்காத ஓசிக்காரனுக்கு அங்கே வழங்குகிற வசவு அது. நாணயமாகக் கட்டுகிறவனுக்கு அந்தப் பெயர், ஏனென்றால் அவனிடமிருந்து வட்டி வராது.

ஆதியில் இந்த இரண்டாம் சாதி கிடையாது. 1950ல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் கார்டு வந்தபோது, மாதக் கடைசியில் முழுத் தொகையையும் கட்டியாக வேண்டும். பிறகு 1958ல் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவில் ஃபிரெஸ்னோ என்கிற ஊரில் 60,000 பேருக்கு, கேட்காமலே, தபாலில் கார்டு அனுப்பிவைத்தது. அந்தக் கார்டில் பாக்கி வைத்துக்கொள்ளலாம், வட்டி கட்டினால் போதும். சுற்றுகிறவர்கள் அங்கே பிறந்தார்கள். இன்று இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேல் கார்டுகள் புழங்குகின்றன.

நம் ஊர்ப் பேச்சில் போட்டுப் பார்த்தால் இது எவ்வளவு என்று சட்டென்று தெரியும். பாங்கு நகைக்கடன் மாதம் நூற்றுக்கு முக்கால் வட்டி. தெரிந்தவரிடம் கடன் வாங்கினால் ரெண்டு வட்டி. 'மூணு வட்டி' என்றால் எங்கள் தெருப் பெண்கள் வாயில் கை வைத்துக்கொள்வார்கள். அஞ்சு வட்டி, பத்து வட்டி என்றால் குடும்பம் போச்சு என்று அர்த்தம். கார்டு மூணரை வட்டி. ஆண்டுக்கு 42 விழுக்காடு. ஆனால் யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை. ஆங்கிலத்தில், பளபளப்பான பிளாஸ்டிக்கில், பெயர் பொறித்து வருகிறதனால் அது வட்டிக்கடன் என்பதே மறைந்துவிடுகிறது. ஒரு மாதம் பாக்கி வைத்துவிட்டால், அதற்கப்புறம் வாங்குகிற ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கின நாளிலிருந்தே வட்டி ஓடும், நாற்பத்தைந்து நாள் சலுகையெல்லாம் போய்விடும். இது அந்தத் தம்பிக்குத் தெரியாது. பால் பாக்கெட்டுக்கும் கார்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

தமிழ்நாட்டில் 2003லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. தண்டல், மீட்டர் வட்டி, மணிநேர வட்டி என்று பெயர் பெயராகச் சொல்லித் தடுத்தார்கள். கார்டு அதற்குள் வராது. 2008ல் தேசிய நுகர்வோர் ஆணையம், ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று சொன்னது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. சட்டத்தைப் பற்றி நான் பேசவில்லை. நான் கேட்பது வேறு. அடுத்தவன் கட்டின வட்டி கலந்த பணத்தில் நான் செய்த அன்னதானம் தானம்தானா?

இதை என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் சொன்னேன். மாலைப் பாராயணம் முடிந்து வெளியே வந்து, செருப்பு மாட்டிக்கொண்டிருந்தோம். அவர் நறுக்கென்று சொன்னார்.

"உன் புள்ளி அவன் வட்டியிலேர்ந்து வரலய்யா. கடைக்காரன்கிட்ட பாங்கு ஒரு துண்டு எடுத்துக்குதே, அதுலேர்ந்து வருது. நீ சும்மா மனசப் போட்டுக் குழப்பிக்காத."

நியாயமான வாதம்தான். கார்டைத் தேய்த்தால் கடைக்காரருக்கு முழுப் பணம் போகாது. நூறு ரூபாய்க்கு ஒன்றரை, இரண்டு ரூபாய் பிடித்துக்கொள்வார்கள். அதில் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும், அதிலிருந்து எனக்கு ஒரு ரூபாய் புள்ளியாக வரும். ஆனால் இது என் கேள்விக்குப் பதிலாகவில்லை, கேள்வியை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டது. அந்த வீடும் எனக்குத் தெரிந்த வீடு. என் தம்பி மனைவி செங்கம் சாலையில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறாள். ஊதுவத்தி, வேட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வெளிநாட்டுக்காரர்கள் வருகிற காலத்தில் அவளுக்குக் கார்டு மிஷின் இல்லாமல் முடியாது. வெளிநாட்டுக் கார்டு என்றால் பிடித்தம் இன்னும் கூடுதல். ராத்திரி கடை சாத்துமுன் விற்றதையும் கணக்கில் வந்ததையும் ஒத்துப் பார்ப்பாள். அந்த வித்தியாசத்துக்கென்று நோட்டில் தனியாக ஒரு பத்தி போட்டு வைத்திருக்கிறாள்.

"எல்லாத்துலயும் கொஞ்சம் ஏத்தித்தான் மாமா வைக்கணும். வேற என்ன பண்றது?"

ஏற்றி வைக்கிற விலை கார்டுக்காரனுக்கு மட்டும் இல்லை. ஒரு நாள் நான் கடையில் இருந்தபோது ஒரு சாது வந்து சூடம் வாங்கினார். காலையில் ஆசிரமத்து வாசலில் நாராயண சேவைக்கு வரிசையில் உட்காருகிறவர். இடுப்பு முடிச்சிலிருந்து சில்லறையை எடுத்து, இரண்டு தடவை எண்ணி, மேசையில் வைத்தார். என் புள்ளிக்கான காசு அந்தச் சில்லறையிலும் இருந்தது.

கடைக்காரர் காசில் கழிக்கிற இந்தத் துண்டுக்குத் தமிழில் ஒரு பழைய பெயர் உண்டு. வாசி. பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்கிற கதை. திருவீழிமிழலையில் பஞ்சம். அப்பரும் சம்பந்தரும் அங்கே தங்கி அடியாருக்குச் சோறு போடுகிறார்கள். இறைவன் இருவருக்கும் தினம் ஒரு பொற்காசு வைக்கிறார். அப்பர் மடத்தில் நேரத்துக்குச் சோறு ஆகிவிடுகிறது. சம்பந்தர் மடத்தில் தாமதம். ஏன் என்று அந்தப் பிள்ளை சமையல்காரரைக் கேட்கிறது. நம் காசைக் கடைவீதியில் கொடுத்தால் வாசி கேட்கிறார்கள், அதற்குப் பேசிக்கொண்டு நிற்பதில் நேரமாகிவிடுகிறது. அப்பர் காசை மறுபேச்சின்றி வாங்கிக்கொள்கிறார்கள் என்கிறார் அவர். அப்பர் கையில் உழவாரம் பிடித்துப் புல் செதுக்குகிறவர். உடம்பால் உழைக்கிறவருக்கு வந்த காசில் வாசி இல்லை. சம்பந்தர் தன் காசின் வாசி தீர வேண்டிப் பதிகம் பாட, அதற்குப்பின் அவருக்கும் நல்ல காசே வந்தது.

சின்ன வயசில் இதைக் கேட்டபோது பாட்டுக்குக் கிடைத்த பலனாகத்தான் பட்டது. இப்போது என்னைப் பிடித்து நிறுத்துவது அந்த விசாரணை. சோறு தாமதமாகிறதே, ஏன் என்று சம்பந்தர் கேட்டார். இறைவனே கொடுத்த காசு என்று சும்மா இருக்கவில்லை. இலவசமாக வந்த காசானாலும் அது கடைவீதியில் யாரை எப்படித் தொடுகிறது என்று பார்த்தார்.

நண்பரிடம் இதையும் சொன்னேன். அவர் விடவில்லை. "அந்தப் பையன் கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கினான்? அவனவன் பிராரப்தம். நீ என்ன பண்ண முடியும்?"

இந்த ஊரில் பிராரப்தம் என்ற சொல் ரொம்ப மலிவாகக் கிடைக்கிறது. தன் துக்கத்தைத் தாங்கிக்கொள்ள ஒருவர் அதைச் சொன்னால் நான் தலைவணங்குவேன். அடுத்தவன் துக்கத்தைத் தள்ளிவிட அதைச் சொல்லக்கூடாது. பகவான் ரமணர் அப்படி நடந்துகொண்டதாக எங்கும் நான் படித்ததில்லை.

அவர் விரூபாக்ஷ குகையில் இருந்த காலத்தில் நடந்த விஷயம், நரசிம்ம சுவாமி எழுதிய வரலாற்றில் இருக்கிறது. குகை ஒரு மடத்துக்குச் சொந்தம். கார்த்திகைக் கூட்டத்தில் குகைக்கு வருகிறவர்களிடம் மடத்தார் காலணா வசூலிக்கிற வழக்கம். ஜனங்கள் ரமணரைப் பார்க்க வந்தார்கள், காலணா இல்லாத ஏழை வெளியே நிற்கவேண்டி வந்தது. ரமணர் என்ன செய்தார்? அவருக்குக் கட்டணம் இல்லை, அவர் கேட்டு யாரும் வசூலிக்கவும் இல்லை. எழுந்து வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தார். வசூலை அங்கேயும் நீட்டினார்கள். அவர் கீழே வேறொரு குகைக்குப் போய்விட்டார். வசூலை நிறுத்தின பிறகுதான் திரும்பினார். தன்னைச் சாக்காக வைத்து இன்னொருவரிடம் காசு பிடுங்கப்படுகிறது என்று தெரிந்ததும் அவர் இடத்தைக் காலி செய்தார். வாதாடவுமில்லை, பிராரப்தம் என்று உட்கார்ந்திருக்கவுமில்லை.

அதற்கும் முந்தைய சம்பவம் ஒன்று. 1896 ஆகஸ்டில் மதுரை வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவருக்கு வயசு பதினாறு. அண்ணனுக்குக் காலேஜ் சம்பளம் கட்ட ஐந்து ரூபாய் கையில் வந்திருந்தது. அதில் மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டை வைத்துவிட்டுப் போகிறார். எழுதிவைத்த சீட்டில் கையெழுத்து இடவேண்டிய இடத்தில் வெறும் கோடு. பெயரே வேண்டாம் என்று போகிற பையன், அண்ணனின் சம்பளம் இன்னும் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்று எழுதிவைக்க மறக்கவில்லை. வழியில் கீழூரில் காதுக் கடுக்கனைக் கழற்றி ஒரு பாகவதரிடம் நான்கு ரூபாய்க்கு அடகு வைத்தார். கடுக்கன் இருபது ரூபாய் பெறும். மீட்டுக்கொள்ள விலாசச் சீட்டு வாங்கி, பிறகு அதைக் கிழித்துப் போட்டார். செப்டம்பர் 1 அன்று இங்கே வந்து, மீந்திருந்த ரூபாய்களை அய்யங்குளத்தில் எறிந்தார். அதற்கப்புறம் காசைத் தொட்டதில்லை. கிழித்த சீட்டால் பாகவதருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இழப்பு முழுக்கத் தன்னுடையது. முழுத் துறவுக்குப் போகிறவரும் அடுத்தவர் தலையில் பாக்கி வைக்கவில்லை. நான் அய்யங்குளத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் குளத்தில் விழுந்த காசைவிட மதுரையில் விட்டுவந்த அந்த இரண்டு ரூபாயைத்தான் நினைக்கிறேன்.

என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். வேலையில் இருந்த கடைசி வருஷங்களில் எங்களுக்குக் கார்டு விற்க இலக்கு கொடுத்தார்கள். சம்பளக் கணக்கு தொடங்க வருகிற இளம் பிள்ளைகளிடம் படிவத்தை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்துப் போடுப்பா" என்று நானே சொல்லியிருக்கிறேன். மூணரை வட்டி என்று ஒருவரிடமும் தமிழில் சொன்னதில்லை. கூட வேலை பார்த்த ஒரு பாய் கார்டுப் படிவத்தைக் கையில் தொடமாட்டார். அவர்கள் மார்க்கத்தில் வட்டி வாங்குகிறவர், கொடுக்கிறவர், சாட்சி நிற்கிறவர் மட்டுமல்ல, அதை எழுதுகிறவரும் அந்தப் பாவத்தில் சமம் என்று நபி சொன்னதாக ஒரு நாள் சொன்னார். அன்றைக்கு எனக்கு அது கடுமையாகப் பட்டது. எழுதுகிறவர் என்றால் குமாஸ்தா. நான்.

நம் மொழியில் கடன் என்றால் வாங்கின பணமும்தான், செய்யவேண்டிய கடமையும்தான். நேர்த்திக்கடன், நீத்தார் கடன் என்றெல்லாம் சொல்கிறோம். தேதிக்குள் பில்லைக் கட்டிவிட்டதால் என் கடன் தீர்ந்தது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். முழுசாகக் கட்டுகிற ஒழுக்கம் நல்லதுதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் இலவசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகு அதில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அந்த அரிசியைத் தின்றவர்களுக்குப் பசி ஆறியது, அதில் சந்தேகமில்லை. அதன் பலன் யாருக்காவது போய்ச் சேர வேண்டுமானால் வட்டி கட்டினவனுக்கும் சூடம் வாங்கின சாதுவுக்கும் போகட்டும். கொடுத்தவன் என்று என் பெயரை நான் எடுத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுத் தம்பியின் மனைவியிடம் அவனையே சொல்லவைத்தேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். "இத முன்னாடியே சொல்லியிருந்தா சங்கிலிய அப்பவே வச்சிருப்பேனே மாமா" என்று என்னிடம் சொன்னாள், அவனைப் பார்க்காமல். மறுநாள் மூன்று பேரும் போனோம். ஒன்றரைப் பவுன் சங்கிலியின் மேல் 60,000 ரூபாய் நகைக்கடன், ஆண்டுக்கு ஒன்பது விழுக்காடு. மாத வட்டி 450 ரூபாய். 2,478 எங்கே, 450 எங்கே. கார்டு பாக்கியை ஒரே தவணையில் அடைத்தோம், கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூடவேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி நமக்குத் தரவேண்டும். ஆறாம் நாள் மூடினார்கள்.

என் கார்டு பீரோவில் இருக்கிறது, ஆஸ்பத்திரி அவசரத்துக்கு. சின்னக் கடைகளில் அதை நீட்டுவதை விட்டுவிட்டேன். ரொக்கம் கொடுக்கிறேன், இல்லையென்றால் யுபிஐ. வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகிற யுபிஐ பணத்தில் 2020லிருந்து கடைக்காரருக்குப் பிடித்தம் கிடையாது. இந்தத் தீபத்துக்கு அரிசி வாங்க ஓய்வூதியத்திலிருந்து மாதம் 150 ரூபாய் எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வருகிறேன்.

கார்டு பில்லில், மினிமம் மட்டும் கட்டினால் கடன் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் இழுத்து வட்டிக்கு வட்டி ஏறும் என்ற எச்சரிக்கை இருக்கும். ரிசர்வ் வங்கி கட்டாயமாகப் போடச் சொன்னது. நான் பார்த்த பில்களில் எல்லாம் சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், கூட வேலை செய்கிறவர்களில் மினிமம் மட்டும் கட்டிக்கொண்டிருக்கிற ஒருவர் கட்டாயம் இருப்பார். வெட்கத்தில் அவராகச் சொல்லமாட்டார். நீங்கள் கேளுங்கள். ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வரியைத் தமிழில் படித்துச் சொல்லுங்கள்.